புளிக்கும் பருப்புக்கும் என்ன பகை?

2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. சாம்பல் புதன் கழிந்து ஆறாம் நாள். நம் பங்கைச் சேர்ந்த பள்ளியில் தேசிய அறிவியல் நாளையொட்டி ஓர் அறிவியல் விழா நடைபெற்றது. சர் சி. வி. இராமன் அவர்கள் தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவை 1928ஆம் ஆண்டு இதே நாளில் கண்டறிந்தார். அதன் நினைவாக 1987 முதல் இந்நாள் நாடெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. பெற்றோர் மட்டுமன்றி ஊரார் அனைவரும் வந்து காணலாம் என்று ஞாயிறு திருப்பலியின் இறுதியில் அறிவித்திருந்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற நாமும் பழைய பாசம் இழுக்கப் போயிருந்தோம்.

வழக்கமான காட்சிகள் பலவும் இருந்தன. களிமண் எரிமலை புகைந்தது. அட்டைக் காற்றாலை சுழன்றது. மழைநீர்ச் சேகரிப்பு மாதிரியில் உண்மையாகவே நீர் சொட்டியது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துத் திரும்பும் வேளையில், சத்துணவுக் கூடத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஒரு நீண்ட மேசை கண்ணில் பட்டது. ‘சமையலில் அறிவியல்’ என்று வண்ண எழுத்துகளில் எழுதி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தனர். தவக்காலத்தில் சமையற் கண்காட்சியா என்று நமக்குள் ஒரு புன்முறுவல். சமையலில் என்ன பெரிய அறிவியல் இருந்துவிடப் போகிறது என்ற எண்ணமும் அதனூடே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்த எண்ணத்தின் வயது ஐம்பத்தைந்து ஆண்டுகள் என்பது சற்று நேரத்தில் விளங்கிவிட்டது.

முதலில் ஒரு சிறுவன் மஞ்சள் கரைத்த நீரை நம் முன் வைத்தான். அதில் ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்ததும் நீர் செக்கச் செவேல் என்று மாறியது. மணமக்களுக்கும், ஊருக்கு எழுந்தருளும் ஆயருக்கும் நம் பெண்கள் எடுக்கும் ஆரத்தி இதுதானே! மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை நம் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டு செய்துகொண்டிருக்கிறது.

அடுத்து ஒரு கண்ணாடிப் போத்தல். அதில் பாதி இட்லி மாவு. வாயில் ஒரு பலூன். முந்தின நாள் மாலையில் சுருங்கித் தொங்கிய பலூன், காலையில் நிமிர்ந்து நின்றது. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லியூகோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் மாவைப் புளிக்கச் செய்து, கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு ஓடிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. கோதுமை மாவில் பசையம் செய்யும் வேலையை இட்லி மாவில் உளுந்து செய்கிறது. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகும் என்று பாட்டிமார் சொன்னது வெறும் ருசி பற்றிய பேச்சன்று.

மூன்றாவதாக இரண்டு சிறு பாத்திரங்கள். இரண்டிலும் ஒரே அளவு துவரம்பருப்பு. ஒரே அளவு நீர். ஒரே அளவு நேரம் வேகவைத்தது. “தாத்தா, ரெண்டையும் விரலால நசுக்கிப் பாருங்க” என்றாள் ஒரு சிறுமி. நசுக்கினோம். முதற் பாத்திரத்துப் பருப்பு வெண்ணெய்போல் மசிந்தது. இரண்டாம் பாத்திரத்துப் பருப்போ விரலுக்கிடையே நறநறவென்று நின்றது. “ரெண்டாவதுல மொதல்லயே புளி கரைச்சு ஊத்திட்டோம் தாத்தா. புளியில அமிலம் இருக்கு. பருப்போட செல் சுவரைப் பிடிச்சு வச்சிருக்கிற பெக்டின் அமிலத்துல சீக்கிரம் கரையாது. அதனால பருப்பு வேகாது” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

நம் விரலில் அந்த வேகாத பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் 1968ஆம் ஆண்டுக்குப் போய்விட்டோம்.

அப்போது நாம் கல்லூரியில் இயற்பியல் இளங்கலை பயின்றுகொண்டிருந்தோம். அண்ணனுக்குத் திருமணமாகிப் பெண் வீட்டார் முதன்முறையாக விருந்துக்கு வந்திருந்தனர். புதிதாக வந்த அண்ணி, பரபரப்பில், பருப்பு வேகும் முன்னரே புளிக்கரைசலை ஊற்றிவிட்டார்கள். நேரம் ஆகியும் பருப்பு வேகவில்லை. நம் தாயார் அண்ணியைக் கடிந்துகொள்ளாமல், “பருப்பு வெந்த பெறகுதாம்மா புளி விடணும். ரெண்டுக்கும் பகை” என்று மெல்லச் சொன்னார்கள். கூடத்தில் அமர்ந்திருந்த நம் செவியில் அது விழுந்தது. படித்த பிள்ளை என்ற மிடுக்கு நமக்கு. “புளிக்கும் பருப்புக்கும் என்ன பகை? வேகுறதுக்கு வேண்டியது சூடு ஒண்ணுதான். அம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு மூடநம்பிக்கை” என்றோம். விருந்தினர் சிரித்தனர். தந்தையாரும் சிரித்தார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அடுப்பை ஊதினார்கள்.

அவ்வளவுதான் நிகழ்ந்தது. அதற்காக வீட்டில் யாரும் வருந்தியதாகவும் நினைவில்லை. ஆயினும் அதற்குப் பின் நம் தாயார் நம் முன்னிலையில் எதையும் ‘இது இன்ன காரணத்தால் இப்படி’ என்று சொன்னதே இல்லை. 1991இல் இறைவனடி சேரும்வரை நமக்குச் சமைத்துப் போட்டார்கள். விளக்கம் மட்டும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் பொருளை அவர்கள் இருந்த நாளில் நாம் ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

இவ்வாறு நாம் நின்றுகொண்டிருக்கையில், கூட்டத்திலிருந்த ஒரு தாய் அச்சிறுமியிடம் ஒரு கேள்வி கேட்டார். “எங்க வீட்டுல புளி ஊத்தாமலே பருப்பு வேக மாட்டேங்குதே, அது ஏன்?” சிறுமி திகைத்தாள். அவள் படித்து வந்த தாளில் அதற்கு விடை இல்லை. அருகிலிருந்த இளம் ஆசிரியை பருப்பு பழையதாக இருக்கலாம் என்றார். பழைய பருப்பு வேகத் தாமதமாகும் என்பதும் உண்மையே. ஆனால் கேட்டவர் புதுப் பருப்புதான் என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “போர் தண்ணியாம்மா?” கேட்டவர் ஆமென்றார். “குடிதண்ணி பிடிச்சு அதுல வேகவைங்க. மெத்துனு வெந்துரும்.”

சொன்னவர் அப்பள்ளியின் சத்துணவுச் சமையலர். கையில் கரண்டியுடன் கூடத்தின் வாசலில் நின்றிருந்தார். எப்படித் தெரியும் என்று நாம் கேட்டோம். “கெணறு வத்திப் போயி போர் போட்டாங்க சார். அன்னையிலேருந்து பருப்பு வேகல. என்னடா இதுன்னு ஒரு சட்டியில போர் தண்ணியும், ஒரு சட்டியில கொழாத் தண்ணியும் வச்சுப் பாத்தேன். வெளங்கிப் போச்சு” என்றார்.

ஒரு சட்டியில் இது, மற்றொரு சட்டியில் அது. பிற யாவும் ஒன்றே. ஆய்வுமுறை என்று நாம் முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டது இதைத்தான். ஆழ்குழாய் நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அவை பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுவதால் பருப்பு கடினமாகவே நிற்கிறது என்று காரணத்தை நாம் எடுத்துச் சொன்னோம். அவர் ஆர்வத்துடன் கேட்டுக்கொண்டார். சோடா உப்பிட்டால் விரைவில் வேகுமே என்று ஒருவர் கூற, “வேகும் சார், சத்து போயிரும்ல” என்று மறுத்தார். அதுவும் சரியே. சோடாவின் காரத்தன்மை பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். இவ்வளவையும் யார் கற்பித்தார்கள் என்றோம். அவர் சொன்ன மறுமொழி இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. “தெனம் எரநூறு பிள்ளைகளுக்கு ஆக்குறேன் சார். வேகலைன்னா தட்டுல அப்பிடியே வச்சிட்டுப் போயிரும்க. அதான் எனக்குப் பரீட்சை.”

அன்றிரவு நாம் பழைய நூல்களைப் புரட்டினோம். வெப்பம் என்பது ஒரு பாய்மப் பொருளன்று, இயக்கத்தின் விளைவே என்று பீரங்கிக் குழாயைத் துளைத்துக் காட்டியவர் ரம்போர்டு பிரபு. 1798இல் வெளியான அந்த ஆய்வை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கியிருக்கிறோம். ஆனால் அதே ரம்போர்டு மியூனிக் நகரில் 1790இல் ஏழைகளுக்கெனத் தொழிலகம் அமைத்து, குறைந்த செலவில் வயிறு நிறையும்படி பார்லியும் பட்டாணியும் கலந்த கஞ்சி காய்ச்சுவது எப்படி என்று ஆராய்ந்தவர் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. விறகு மிச்சமாகவும் புகை குறையவும் மூடிய அடுப்புகளை அவர் வடிவமைத்ததையும் சொன்னதில்லை. பீரங்கி நம் பாடத்தில் இருந்தது, கஞ்சி இல்லை. சமையல் அறிவியல் என்பது செல்வர் வீட்டு விருந்துக்காக மட்டும் பிறந்ததன்று. பசித்தவன் பாத்திரத்தருகிலும் அது பிறந்தது.

அந்த ரம்போர்டு முன்னின்று 1799இல் இலண்டனில் தோற்றுவித்ததே ராயல் இன்ஸ்டிடியூஷன். பொதுமக்களுக்கு அறிவியலைச் செய்து காட்டும் வழக்கத்துக்குப் பெயர் பெற்ற அம்மன்றத்தில், 1969ஆம் ஆண்டு நிக்கோலஸ் குர்ட்டி என்னும் ஆக்ஸ்போர்டு இயற்பியலறிஞர் ‘சமையலறையில் இயற்பியலாளர்’ என்ற பொருளில் உரையாற்றினார். பூச்சியத்தை நெருங்கும் கடுங்குளிரை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் புகழ்பெற்றவர் அவர். அவரே அடுப்பருகில் வந்து நின்று, வேகும் பண்டத்தின் உள்ளே வெப்பம் எத்தனை பாகை என்று அளந்து காட்டினார். விண்கோள்களின் வெப்பத்தை அறிந்த நாம் நம் அடுப்பில் வேகும் பண்டத்தின் உள்வெப்பத்தை அறியாதிருக்கிறோமே என்பது அவர் ஆதங்கம். அன்னாசிச் சாற்றிலுள்ள நொதி இறைச்சியை மிருதுவாக்கும் என்பதும் அவர் ஆர்வங்காட்டிய ஒன்று. கிறிஸ்து பிறப்பு விழாவன்று முற்றிய ஆட்டுக்கறியில் பப்பாளிக்காயைத் துருவிப் போடும் நம் பெண்களுக்கு அது புதுச்செய்தியாக இராது.

இன்னுமொரு வரலாறு நம்மை மிகவும் உலுக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மன் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன. பின்பு தாமாகவே தேறின. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. படைவீரர் மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகள் தின்று வந்தன. புதிதாக வந்த சமையற்காரர், படைக்குரிய சோற்றைப் படைசாராத கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிடவே, அவற்றுக்குத் தீட்டாத மலிந்த அரிசி கிடைத்தது, பிழைத்துக்கொண்டன. இத்தடம் பற்றிச் சென்றதன் முடிவில்தான் உயிர்ச்சத்து என்ற கருத்தே உருவாயிற்று. ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரரின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

நம் நாட்டிலும் இதன் தொடர்ச்சி உண்டு. குன்னூரில் அமைந்திருந்த உணவாராய்ச்சிக்கூடத்தின் அறிஞர்கள் அரிசியைப் பற்றி விரிவாக ஆய்ந்தனர். தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுவதால், பின்னர் தீட்டினாலும் அதிற் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. நாம் முதற் சம்பளத்தில் பெருமைக்காக வெள்ளை வெளேரென்ற பச்சரிசி மூட்டையொன்று வாங்கி வந்த நாளில், தாயார் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, “எனக்குப் புழுங்கலே போதும் தம்பி” என்றார்கள். காரணம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்போம் என்று எண்ணியிருக்கலாம்.

இங்கே நம் ஆண்டவரை நினையாமல் இருக்க முடியவில்லை. இறையாட்சி எதற்கு ஒப்பானது என்று சொல்லவந்த அவர், அரண்மனையையும் ஆலயத்தையும் விட்டுவிட்டு ஒரு பெண்ணின் மாவுப் பாத்திரத்தைச் சுட்டினார். மூன்று மரக்கால் மாவில் ஒரு பெண் புளிப்புமாவைப் பிசைந்து வைத்ததையும், மாவு முழுவதும் புளித்ததையும் மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மூன்று மரக்கால் என்பது ஊரையே அமர்த்தி உணவிடும் அளவு. சிறிதளவு புளிப்பு எவ்வளவு மாவுக்குப் போதும் என்பதை அவர் எங்கே கண்டிருப்பார்? நாசரேத்தூர் வீட்டில், தம் அன்னையின் கைகளில்தான். நள்ளிரவில் மூடிவைத்த பாத்திரத்தின் உள்ளே யாரும் காணாமல் ஒரு வேலை நடைபெறுவதை அச்சிறுவர் வியந்து பார்த்திருக்க வேண்டும். வளர்ந்தபின் அதை இறையாட்சியின் உவமையாகவே உலகுக்குத் தந்தார். உயிர்த்தபின்னும், திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, தம் சீடருக்காகக் காத்திருந்தவர் அவர் என்று யோவான் எழுதுகிறார். இறைமகன் தம் தாயின் சமையலறையில் கற்றார். இளங்கலை மாணவராகிய நாம் நம் தாயின் சமையலறையைப் பார்த்துச் சிரித்தோம்.

இதனால் பாட்டி சொன்னதெல்லாம் அறிவியலே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்பதில்லை. அடுப்படியில் பிழையான நம்பிக்கைகளும் உண்டு. ஆனால் எது சரி, எது பிழை என்று சோதித்தறிவது ஒன்று. சொல்பவர் பெண், படியாதவர், சமையற்காரர் என்பதற்காகச் சோதிக்காமலே தள்ளிவிடுவது வேறொன்று. பின்னதைச் செய்த நாம், அன்று அந்த வீட்டிலிருந்த அனைவரிலும் அறிவியலுக்கு மிகத் தொலைவில் நின்றவர். இரண்டு சட்டி வைத்துப் பார்க்கும் பொறுமைகூட நமக்கு இல்லாமற் போயிற்று.

அந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையையும் எண்ணவேண்டும். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர். நம் தாயாரின் இறுதி ஆண்டுகளில் இரவெல்லாம் கேட்ட இருமலை முதுமையின் இருமல் என்றே எண்ணியிருந்தோம். வெப்பம் பரவும் விதத்தையும், காற்று மேலெழும் விதத்தையும் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்த ஆசிரியர் வீட்டு அடுப்பின்மேல் ஒரு புகைபோக்கி இருக்கவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது.

விழாவின் முடிவில் பரிசு வழங்கும்படி தலைமையாசிரியை அருட்சகோதரி நம்மை அழைத்தார்கள். சமையல் அறிவியல் பிள்ளைகளுக்கு மட்டும் அச்சமையலர் பரிசளிக்கட்டும் என்று நாம் வேண்டிக்கொண்டோம். அருட்சகோதரி மகிழ்ந்து இசைந்தார்கள். ஆனால் அவர் வரவில்லை. “ஏனம் கழுவணும் சகோதரி, நேரமாச்சு” என்று சொல்லிவிட்டார். பிறகு அச்சிறுமியே தன் விளக்கப் படத்தை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போனாள். நீரைப் பற்றிய செய்தியைப் புதிய வரியாகச் சேர்த்தாள். கண்டறிந்தவர் பெயர் எழுதவேண்டும் என்று கேட்டாள். “எம்பேரெல்லாம் எதுக்குத் தாயி” என்று அவர் நாணினார். இறுதியில், ‘நம் பள்ளிச் சமையலறையில் கண்டறியப்பட்டது’ என்று சிவப்பு மையில் எழுதினாள். அந்த விழாவில் நாம் கண்ட மிகச் சிறந்த காட்சி அதுவே.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். தாயாரின் கல்லறைமேல் உதிர்ந்திருந்த வேப்பிலைகளைக் கூட்டித் தள்ளினோம். செபித்து முடித்தபின், “பகை இருக்கத்தான் செய்யுது அம்மா” என்று வாய்விட்டுச் சொன்னோம். ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாமதமான விடை.

அன்பர்களே, தவக்காலத்தில் உணவைக் குறைப்பதை நாம் அறிவோம். அந்த உணவை ஆக்குகிறவரை ஏறிட்டுப் பார்ப்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் தாயோ மனைவியோ மாமியாரோ இன்னும் அடுப்பருகில் நிற்கிறார் எனில், இன்றே ஒருமுறை அருகில் சென்று, “இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நமக்கு அந்த வாய்ப்பு இனி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.